படித்து முடித்துப் போகிறவர்களிடம் கேட்கும் கேள்விகள்

முதுகலைப் படிப்பின் நான்காம் பருவம் முடிகிற சமயத்தில் மாணவ மாணவிகளிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. இப்போது பெரும்பாலும் காகிதம் இல்லை, கைபேசிக்கு ஓர் இணைப்பு வருகிறது. பாடம் முழுவதும் நடத்தப்பட்டதா, ஆசிரியர் ஆயத்தமாக வந்தாரா, நூலகமும் ஆய்வுக்கூடமும் எப்படி இருந்தன, இந்தப் படிப்பு உங்களை வேலைக்குத் தயார் செய்ததா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். படித்து வெளியேறுகிறவர்களிடம் எடுக்கும் கருத்துக் கணக்கெடுப்பு இது. நம் சங்க உறுப்பினர்கள் பலர் வீட்டில் எம்.காம்., எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போதாததற்கு, வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் என்ற முறையில் நம் கடைகளுக்கும் இதே மாதிரிப் படிவம் ஒன்று வருகிறது. அது எதற்காக, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வியாபாரிகளுக்குப் புரிகிற பாஷையில் எழுதும்படி பத்திரிகைக் குழுவினர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துக்கு இது புதிய சங்கதி அல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன காலத்தில் பையன் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகுவான். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் திரும்பியதும் முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பேரேட்டில் உள்ளதைப் பேரேடே சொல்லிவிடும். அதில் ஏறாத விஷயங்களை, அதாவது அங்கே கடை எப்படி நடக்கிறது, யார் பொறுப்பானவர், எங்கே கசிகிறது என்பதையெல்லாம் வந்தவன் வாயால்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சரியான நேரமும் அதுதான். நடந்தது எல்லாம் நினைவில் இருக்கும். அங்கே உள்ளவர்களின் தயவு இனி அவனுக்கு வேண்டியதில்லை. படித்து முடித்துப் போகிற மாணவனிடம் கேட்பதற்கும் இதே காரணம்தான்.

நமக்கு அருகில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. கோட்டையூரில் 1909ல் பிறந்த அழகப்பச் செட்டியார் தாமே எம்.ஏ. படித்து, பிறகு லண்டன் சென்று பாரிஸ்டர் படித்தவர். 1947ல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் 1985ல் தமிழக அரசின் சட்டப்படி பல்கலைக்கழகம் ஏற்பட்டது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் பல அதனுடன் இணைந்தவை. நம் தேவகோட்டை சேவுகன் அண்ணாமலை கல்லூரியும் அப்படித்தான். 2017ல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 4க்கு 3.64 புள்ளிகளுடன் 'ஏ பிளஸ்' தரம் கிடைத்தது. தரம் போட்டது தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு. சுருக்கமாக 'நாக்' என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 1994ல் உண்டாக்கியது, தலைமையகம் பெங்களூரு.

மாணவர் கருத்துக்கு மதிப்பெண் உண்டு என்று ஆக்கியது இந்த நாக்தான். 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த முறையில் 'மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கல்லூரியிடமிருந்து மாணவர் பட்டியலையும் மின்னஞ்சல் முகவரிகளையும் வாங்கி, நாக் தானே நேரடியாகக் கேள்விகளை அனுப்பியது. மொத்தம் 21 கேள்விகள். இருபதுக்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பு. கடைசிக் கேள்வியில் கற்பித்தல் மேம்பட மூன்று யோசனைகளைத் தம் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் வகுப்பில் நடத்தப்பட்டது என்பது முதல் கேள்வி. உள்மதிப்பீடு நியாயமாக நடக்கிறதா, களப்பயணத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் நிர்வாகம் அக்கறை காட்டுகிறதா, வேலைக்கு வேண்டிய திறமைகளைச் சொல்லித் தருகிறார்களா என்பவையும் அதில் இருந்தன. இது படிக்கும் மாணவர் அனைவருக்குமானது. படித்து முடித்துப் போகிறவர்களிடம் தனியாகக் கேட்பதைக் கல்லூரிகளே செய்கின்றன. கேள்விகள் கிட்டத்தட்ட இதே சாயலில்தான் இருக்கும்.

பல்கலைக்கழகமானால் மொத்த மாணவரில் 10 சதவீதம் அல்லது 500 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது பதில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த இனம் மதிப்பீட்டில் சேராது என்று அந்த முறையில் வைத்திருந்தார்கள். பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் போதுமா என்று கேட்கலாம். நாம் நூறு மூட்டை அரிசி வாங்கினால் நூறையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. அங்கங்கே பத்து மூட்டையில் குத்தூசி போட்டு, வந்த அரிசியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் எந்தப் பத்து என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். லாரியின் பின்பக்கம் அடுக்கி வைத்த பத்தை மட்டும் புரோக்கர் காட்டினால் ஒப்புக்கொள்வோமா? கருத்துக் கணக்கெடுப்பில் இருக்கிற பெரிய சிக்கலே இதுதான். பதில் அனுப்புகிறவர்கள் தாமாக முன்வருகிறவர்கள். மிகவும் திருப்தியானவரும் மிகவும் கோபமானவரும் எழுதுவார்கள், நடுவில் உள்ளவர் 'நமக்கென்ன' என்று விட்டுவிடுவார்.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1936ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். டெலிபோனும் மோட்டார் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்துச் சீட்டு அனுப்பினார்கள்; பதில் போட மெனக்கெட்டவர்களும் ஒரு தரப்பினரே அதிகம். அதைவிடக் குறைவான ஆட்களைச் சரியாகப் பொறுக்கிக் கேட்ட காலப் என்பவர் ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். ஆகவே 'எத்தனை பேர் பதில் சொன்னார்கள்' என்பதோடு 'யார் சொல்லவில்லை' என்பதையும் கேட்க வேண்டும்.

அடுத்தது பயம். பதில் எழுதும் இடத்தில் துறைத் தலைவர் நின்றுகொண்டிருந்தால், அல்லது உள்மதிப்பீட்டு மதிப்பெண் இன்னும் போடாமல் இருந்தால், எந்தப் பிள்ளை உள்ளதை எழுதும்? கடையில் முதலாளி முன்னால் நின்று 'சம்பளம் போதுமா' என்று சிப்பந்தியைக் கேட்டால் என்ன பதில் வருமோ அதே பதில்தான் வரும். ஆகவே நல்ல கணக்கெடுப்பில் பெயரும் பதிவு எண்ணும் கேட்கக் கூடாது. மதிப்பெண் முடிவான பிறகு கேட்க வேண்டும். பதில்களை அந்தத் துறையைச் சேராதவர் தொகுக்க வேண்டும். ஐந்தே பேர் படிக்கிற துறையானால் பெயர் போடாவிட்டாலும் கையெழுத்தும் சொல்நடையும் காட்டிக்கொடுத்துவிடும். முதுகலைத் துறைகளில் இப்படிச் சின்ன வகுப்புகள் உண்டு. அங்கே இரண்டு மூன்று வருஷப் பதில்களைச் சேர்த்து வெளியிடுவதே நல்லது.

சராசரியும் ஆளை ஏமாற்றும். உதாரணத்துக்கு, நூலகத்துக்கு மாணவர்கள் 4க்கு 3 கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் விடுதியில் தங்கியவர்கள் 4 கொடுத்திருக்கலாம், பஸ்ஸில் வந்து போகிறவர்கள் 1 கொடுத்திருக்கலாம். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் திறந்திருக்கிற நூலகம் இருந்தென்ன, இல்லாமல் என்ன? மொத்த லாபம் நன்றாக இருக்கிற வருஷத்தில்தான் எந்தச் சரக்கில் நஷ்டம் என்று நாம் பார்க்காமல் விடுகிறோம்.

வேலைக்குத் தயார் செய்ததா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினம். வெளியேறுகிற அன்று அந்தப் பிள்ளைக்கே அது தெரியாது. நீந்தக் கற்றாயா என்று கரையில் வைத்துக் கேட்கிற மாதிரி. இங்கிலாந்தில் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். அங்கே 2005 முதல் இளங்கலை இறுதியாண்டு மாணவர்களிடம் தேசிய அளவில் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்குப் புறம்பாக, படித்து முடித்துச் சுமார் 15 மாதம் கழித்து, முதுகலை முடித்தவர்கள் உள்பட எல்லோரிடமும் 'இப்போது என்ன செய்கிறீர்கள், படித்தது பயன்படுகிறதா' என்று கேட்கும் இன்னொரு கணக்கெடுப்பை 2018ல் ஆரம்பித்தார்கள். ஆனால் அங்கும் தகராறு வராமல் இல்லை. மாணவர் கருத்தை வைத்துக் கட்டணத்தை உயர்த்தப் பார்க்கிறார்கள் என்று 2017ல் மாணவர் சங்கம் முதல் கணக்கெடுப்பைப் புறக்கணித்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பேர்பெற்ற இடங்களிலேயே பாதிப் பேர் பதில் தராததால் அவற்றின் முடிவை வெளியிட முடியவில்லை. அளவுகோலை வைத்து விலை பேசத் தொடங்கினால் அளப்பதற்கே ஆள் வரமாட்டான் போலும்.

நம் நாட்டில் 2016ல் முதல் தேசியத் தரவரிசை வெளிவந்தது. வேலைக்குப் போனவர்களின் நடுநிலைச் சம்பளமும் அதில் ஒரு கணக்கு. சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். எம்.காம். முடித்து அப்பாவின் மளிகைக் கடைக்கு வந்து, கணக்கைக் கணிப்பொறிக்கு மாற்றி, கடையை இரட்டிப்பாக்குகிற பையனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? தமிழ்நாட்டில் 2021-22 கணக்கின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 சதவீதம், அகில இந்திய அளவில் 28.4 தான். இத்தனை பேர் படித்து வருகிற மாநிலத்தில் கடைக்குத் திரும்புகிறவர்களும் கணிசமாகவே இருப்பார்கள். ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் படிவம் வந்தால், 'வேலை கிடைக்கவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு வராமல் 'சொந்தத் தொழில்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால் யோசனை எழுதும் இடத்தில் அதையே எழுதலாம்.

இனி நம்மிடம் வருகிற படிவம். மாணவர், ஆசிரியர், பழைய மாணவர், வேலை கொடுப்போர் ஆகியோரிடம் பாடத்திட்டம் பற்றிக் கருத்து வாங்க வேண்டும், அதை அலசி நடவடிக்கை எடுத்து இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் நாக் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கல்லூரியிலிருந்து வந்தவருக்கு ஒரு காபி கொடுத்து, எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' போட்டு, கடை முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுகிறோம். மரியாதைக்காகச் செய்வதுதான், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இதனால் நன்மை இல்லை. என் கடைக்கு வந்த முதுகலை வணிகவியல் பட்டதாரி ஒருவர் சரக்கு சேவை வரியின் வரலாற்றை அழகாகச் சொன்னார். ஆனால் கொள்முதல் பில்லை 2பி அறிக்கையோடு ஒத்துப் பார்த்ததே இல்லை. மாநிலத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு போனால் ஈவே பில் வேண்டும் என்பது தெரியும், ஒன்றைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. புத்திசாலிப் பையன், பத்தே நாளில் பிடித்துக்கொண்டார். அந்தப் பத்து நாள் வேலையைப் படிக்கும்போதே ஒரு கடையில் செய்ய வைத்திருக்கலாம் அல்லவா? நான் படிவத்தில் எழுதியது இதைத்தான்: நான்காம் பருவத்தில் ஒரு மாதம் மொத்தக் கடையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ உட்கார வையுங்கள், நம் ஊர்க் கடைகள் இடம் கொடுக்கும்.

பிள்ளையை முதுகலையில் சேர்க்கப் போகிறவர்கள், கல்லூரியின் இணையதளத்தில் 'கருத்து' என்ற தலைப்பின் கீழ் முந்தைய வருஷங்களின் தொகுப்பும் அதன் பேரில் எடுத்த நடவடிக்கை அறிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட மாணவர்கள் என்ன குறை சொன்னார்கள், மறு வருஷம் என்ன மாறியது என்று பாருங்கள். எல்லாம் 'மிக நன்று' என்றே இருந்தால் துறையில் இப்போது படிக்கிற இரண்டு பேரை நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினர்களுக்கு இந்த வருஷம் வேலை கொடுப்போர் படிவம் வந்திருந்தால், பூர்த்தி செய்து அனுப்புவதற்கு முன் அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எந்தப் பாடத்தில் என்ன பயிற்சி வேண்டும் என்று மளிகை, ஜவுளி, இரும்பு என்று கடை வாரியாகப் பேசி எழுதி அனுப்பலாம். ஒரு மாதப் பயிற்சிக்கு மாணவரை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற கடைகளின் பட்டியலையும் அன்றே தயார் செய்து படிவங்களோடு இணைத்துவிடலாம்.