கள்ளூர் அவையமும் இன்றைய சட்டமும்: பொறுப்பேற்கும் சிறுவனின் நிலை

அகநானூற்றின் 256ஆம் பாடலில், இளம்பெண்ணின் நலம் கவர்ந்த ஒருவன் அவளைத் தனக்குத் தெரியாதெனச் சூளுரைக்கிறான். கள்ளூர் அவையம் சான்றுகளை வினவி, அச்சூள் பொய்யெனத் தெளிந்து, அவனை மரக்கிளையில் பிணித்துத் தலையில் நீறு பெய்து ஒறுக்கிறது. அவையம் ஆராய்ந்தது அவனது மறுப்பையே.

இன்றைய நிலை வேறு. போக்சோ சட்டம் (2012) 18 வயது நிறையாதவரின் இசைவை ஏற்பதில்லை. காயல்பட்டினமாயினும் சென்னையாயினும், பிரிந்த காதலி கருவுற்றமைக்குத் தானே பொறுப்பென முன்வரும் 17 வயதுச் சிறுவனையும் மறுப்பவனையும் குற்ற வரையறை வேறுபடுத்துவதில்லை. மருத்துவரோ காவல்துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். இவ்வச்சம் அவனை வாய்மூடச் செய்யும்; சிறுமியை மருத்துவமனையினின்று விலக்கும்.

29.9.2022 அன்று உச்சநீதிமன்றம், கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் வேண்டினால், அவ்வறிவிப்பில் அவளது அடையாளத்தை மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. சிறுமிக்கு ஒரு வழி திறந்தது. கள்ளூர் அவையம் உசாவிய மெய்யும் பொய்யும் சிறுவனின் வழக்கில் இன்னும் எடைபெறவில்லை.