1,535 யூரோவும் 30,000 யூரோவும்

பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் தொடங்கியது 1896-இல். பெண்களுக்கு அந்தப் பாதை திறந்தது 2021 அக்டோபர் 2-இல். இடையில் 125 ஆண்டுகள்.

அன்று வென்றவர் பிரிட்டனின் லிஸ்ஸி டெய்க்னன். மொத்தம் 116.4 கி.மீ.; அதில் 29.2 கி.மீ. சேறு படிந்த கருங்கல் பாதை. கடைசி 82 கி.மீ. தூரத்தைத் தனியாளாகவே ஓட்டினார். கையுறை போடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, கைப்பிடியில் சுற்றிய நாடா முழுக்க ரத்தக்கறை. இரண்டாவதாக வந்த மரியான் வோஸுக்கு 1 நிமிடம் 17 விநாடி முன்னால் எல்லைக்கோட்டைத் தொட்டார். பரிசு 1,535 யூரோ.

மறுநாள் ஆடவர் பந்தயத்தில் வென்ற இத்தாலியர் சோனி கோல்பிரெல்லிக்கு 30,000 யூரோ.

வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்த ரசிகர்கள் இந்த இரண்டு தொகைகளையும் பார்த்துக் கொதித்துப்போனார்கள். ‘ஆண்களுக்குத் தூரம் அதிகமாயிற்றே’ என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. ஆண்கள் ஓட்டியது 257.7 கி.மீ., அதாவது 2.2 மடங்கு. டெய்க்னனுக்கு ஆனது 2 மணி 56 நிமிடம், கோல்பிரெல்லிக்கு 6 மணி 2 நிமிடம்; 2 மடங்குக்குக் கொஞ்சம் மேல். பரிசு மட்டும் 19.5 மடங்கு! கிலோமீட்டருக்கு டெய்க்னனுக்கு 13 யூரோ, கோல்பிரெல்லிக்கு 116 யூரோ. மொத்தப் பரிசுத்தொகையிலும் இதே கதைதான்: பெண்களுக்கு 7,005, ஆண்களுக்கு 91,000.

அந்தக் கோபம் ஒரே நாளில் கிளம்பியதல்ல. அதே ஆண்டு பிப்ரவரியில் பெல்ஜியத்தின் ஓம்லூப் பந்தயத்தில் வென்ற ஆன்னா வான் டெர் ப்ரெகனுக்குக் கிடைத்தது 930 யூரோ. ஆண்களில் வென்றவருக்கு 16,000. அதைக் கண்டு மனம் பொறுக்காத ஒரு ரசிகர் நிதி திரட்ட ஆரம்பித்தார். சில நாட்களிலேயே 26,000 யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அடுத்து நடந்த ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தில் முதல் ஐந்து இடம் பிடித்த பெண்களுக்கு அதைப் பகிர்ந்து கொடுத்தார்கள். நடத்துபவர்கள் தர வேண்டிய பணத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தந்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை, நடத்தியவர்களுக்கு வெட்கம். ரூபேயில் விழுந்த துண்டை டெய்க்னனின் ட்ரெக்–செகாஃப்ரெடோ அணி ஈடுகட்டியது.

2022-இல் மகளிர் டூர் டி பிரான்ஸ் வந்தது. வென்றவருக்கு 50,000 யூரோ, ஆண்களுக்கு 5,00,000. நாட்கணக்கில் 8-க்கு 21. இன்னும் பத்து மடங்கு இடைவெளி.