நித்திரைக்குப் போகையில் உடம்பு ஏன் தூக்கிப் போடுகிறது?

பகல் முழுவதும் பிறர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிவிட்டு வந்து பாயில் சாய்கிறோம். கண் செருகுகிறது. படியில் கால் தவறியது போல, கிணற்றுக் கட்டிலிருந்து விழுவது போல ஓர் உணர்வு. மறுகணம் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடுகிறது. நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருகிறோம். பக்கத்தில் படுத்திருப்பவர் "என்ன, என்ன?" என்று கேட்கிறார்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் நெருக்கமாகப் படுத்துறங்கும் இடங்களில் ஒருவருடைய உடல் துடிப்பு எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. "அந்தப் பிள்ளைக்கு வலிப்பு" என்ற கதை விடிவதற்குள் பரவுகிறது. பெண் பிள்ளையாயின் அந்தக் கதை கலியாணப் பேச்சு வரை தொடரும். நூல் கட்டவும் பார்வை பார்க்கவும் கூலிப் பணம் கரைகிறது. இன்னொரு பக்கத்தில், உண்மையாகவே வலிப்பு உள்ளவரை "இது எல்லோருக்கும் வருவதுதானே" என்று வீட்டிலேயே வைத்திருக்கிறோம். இவ்விரு பிழைகளையும் தவிர்க்க வேண்டுமானால், எந்தத் துடிப்பு சாதாரணமானது, எது வைத்தியரிடம் காட்ட வேண்டியது என்று நாம் பிரித்தறிய வேண்டும்.

இது நோயல்ல

கண்ணயரும் வேளையில் வரும் இந்தத் திடீர்த் துடிப்பைப் பத்துப் பேரில் ஆறேழு பேராவது வாழ்நாளில் அனுபவித்திருப்பர் என்று வைத்தியர்கள் கணிக்கின்றனர். ஆண், பெண், சிறியவர், பெரியவர் என்ற வேறுபாடு இதற்கில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பு காயப்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த சைலஸ் வியர் மிச்சல் என்னும் வைத்தியர் 1890 இல் இதனை விவரித்து எழுதினார். பிரித்தானிய உளமருத்துவரான இயன் ஒஸ்வால்ட், உறங்கப் போகிறவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1959 இல் கட்டுரை வெளியிட்டார். இது வலிப்பு நோயின் அடையாளமன்று என்பது இன்று மருத்துவ உலகில் தெளிவான விடயம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நீர் இறைக்கும் இயந்திரத்தை நிறுத்தும்போது நாம் கவனித்திருப்போம். அது உடனே அடங்குவதில்லை. ஒருதரம் குலுங்கித்தான் ஓய்கிறது. நித்திரையும் அதுபோன்றதே. விழிப்பிலிருந்து உறக்கத்துக்கு மாறுகையில் தசைகள் படிப்படியாகத் தளர்கின்றன. விழிப்பையும் உறக்கத்தையும் ஆளும் பகுதி மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. இந்த மாற்றத்தின் நடுவே அங்கிருந்து ஒரு திடீர்த் தூண்டுதல் முதுகு நரம்பு வழியாகத் தசைகளுக்கு இறங்கிவிடுவதாக வைத்தியர்கள் கருதுகின்றனர். கை, கால் ஒரு கணம் துள்ளுகின்றன. சிலருக்கு விழுவது போன்ற உணர்வும், சிலருக்கு ஒரு சத்தமோ வெளிச்சமோ கூடவே தோன்றுவதுண்டு. அத்துடன் முடிந்துவிடும், மறுபடி உறங்கலாம்.

எவை இதனைக் கூட்டுகின்றன?

நித்திரைக் குறைவு, அளவுக்கு மிஞ்சிய உடற்களைப்பு, பொழுதுபட்ட பின் செய்யும் கடும் வேலை, மனக்கவலை, தேநீர், கோப்பி, சுருட்டு, பீடி ஆகியன இத்துடிப்பைக் கூட்டக்கூடியவை. மாலையில் குடித்த தேநீரின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி, ஐந்து மணித்தியாலம் கழிந்த பின்னும் உடலில் நிற்கும். பசியை அடக்க இராச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிளேன்ரீ குடித்துப் படுப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பின்னேரத்துக்குப் பின் தேநீர் கொடாதிருப்பது நல்லது.

பயமும் ஒரு காரணமே. "இன்றைக்கும் வருமோ" என்று எண்ணிக்கொண்டே படுப்பவருக்கு நித்திரை கெடுகிறது. நித்திரை கெடத் துடிப்பும் கூடுகிறது. ஆகவே துள்ளி விழித்த பிள்ளையைச் சூழ்ந்து நின்று விசாரிக்காமல், முதுகைத் தடவி, "ஒன்றுமில்லை, படு" என்று சொல்வதே மருந்து. ஒரே நேரத்துக்குப் படுப்பதும், படுக்கு முன் சற்று நேரம் அமைதியாக இருந்து ஆறுதலாக மூச்சு விடுவதும் உதவும். அயலவரின் நித்திரைக் குளிசையை வாங்கி விழுங்க வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

கை கால்கள் விடாமல் தொடர்ந்து இழுப்பது, கூப்பிட்டால் உணர்வில்லாதிருப்பது, நாக்கைக் கடிப்பது, பாயில் சிறுநீர் போவது, விழித்தபின் நெடுநேரம் மயக்கமாக இருப்பது ஆகியவை வலிப்பாக இருக்கலாம். அவ்வேளை ஆளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்க வேண்டாம். கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளை காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டிக் கோப்பையைத் தவறவிட்டால், அது கவனயீனம் அல்லாமல் ஒருவகை வலிப்பாகவும் இருக்கக்கூடும். பிறந்து சில வாரமான குழந்தை உறக்கத்தில் மட்டும் துடித்து, விழித்தவுடன் துடிப்பு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தீங்கற்றது. சில மாதங்களில் தானே மறையும். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை விழித்தெழும்போது, தலையைக் குனிந்து கைகளை விரித்து, அடுத்தடுத்துப் பலமுறை திடுக்கிட்டால் அன்றே காட்ட வேண்டும். தாமதம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்து, காலை அசைத்தால் மட்டும் சுகம் தெரிந்தால், உடலில் இரும்புச் சத்துக் குறைந்திருக்கலாம். கர்ப்பிணித் தாய்மார் இதனைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

பகலிலும் சிறு சத்தத்துக்கே உடல் நடுங்குவதும், கண்ட கொடுமைகள் கனவாகத் திரும்பத் திரும்ப வருவதும் வேறு விடயம். அது மனம் பட்ட காயம். வைத்தியசாலை உளநலப் பிரிவில் அதற்கும் உதவி உண்டு, போவதில் வெட்கமில்லை.

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணமில்லை. போகும்போது துடிப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஆள் உணர்வோடு இருந்தாரா என்பவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். கூட இருந்து பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். நோயாளிக்குத் தெரியாததை அவரால் சொல்ல முடியும்.

கண்ணயரும்போது வரும் ஒற்றைத் துள்ளலுக்கோ வைத்தியர் வேண்டியதில்லை. உழைத்துக் களைத்த உடம்பு ஓய்வுக்குள் இறங்குகிறது. அடுத்த பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் இதைச் சொல்லி வைப்போம்.