வீட்டில் ஆக்சிஜன்: அளவும் நேரமும்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களுக்கு வீட்டில் ஆக்சிஜன் எடுக்கும்படி எழுதிக் கொடுக்கிறோம். குடும்பத்தார் பலரும் அதனை மூச்சு முட்டும்போது மட்டும் தரும் முதலுதவியாகக் கருதுகின்றனர். இளைப்புத் தணிந்ததும் குழாயைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகின்றனர். இதனால் பயன் மிகக் குறைவு.

இரத்தத்தில் ஆக்சிஜன் நெடுங்காலம் குறைந்திருந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். அவற்றை எதிர்த்து உழைத்துக் களைக்கும் வலப்பக்க இதயம். பின்னர்க் கால்கள் வீங்கும். இதனைத் தடுப்பதே முதன்மை நோக்கம். 1981இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 15 மணி நேரமேனும் ஆக்சிஜன் எடுத்த நோயாளிகள் எடுக்காதவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர். இரவு உறக்கத்தில் எட்டு மணி நேரம் போக, மீதியைப் பகலில் தேட வேண்டும். பட்டு நெசவாளர் வீடுகளில் இது அரிதன்று: நீண்ட குழாய் பொருத்தினால், கூடத்துத் தறியருகே அமர்ந்து பாவில் அறுந்த இழையைப் பிணைத்தவாறே எடுக்கலாம்.

நேரத்தைக் கூட்டலாம், அளவைக் கூட்டுதல் கூடாது. இந்நோயாளிகளில் சிலருக்கு ஆக்சிஜன் மிகுந்தால் உடலில் கரியமில வாயு தேங்கும். விரல்நுனிக் கருவி 88 முதல் 92 வரை காட்டினால் போதும், 99 வேண்டா. பாசத்தால் குமிழைத் திருகுவோரே அதிகம். காலையில் தலைவலி, பகலில் அயர்ந்த தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் தோன்றினால் உடனே அழைத்து வாருங்கள். அத்தகையோரில் சிலருக்கு இரவில் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் பைபாப் கருவியும் தேவைப்படும்.

இளைப்பு உள்ள அனைவருக்கும் ஆக்சிஜன் தேவை என்பதும் தவறு. ஓய்வில் அளவு 90க்கு மேல் நிற்பவர், கடன் வாங்கிச் செறிவூட்டி வாங்குமுன் எங்களிடம் கேளுங்கள். இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சக் கற்பதே அவர்களுள் பலருக்கு உதவும்.

நம் ஊரில் எனக்குள்ள பெரிய அச்சம் நெருப்பு. ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை மூர்க்கமாக்கும். பீடி, அடுப்பு, குத்துவிளக்கு, சாம்பிராணி யாவும் மூன்று மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். கருட சேவையன்று பெருமாளைக் காண வாசலுக்கு வரலாம். கற்பூரத் தட்டை மட்டும் அருகே கொணர வேண்டா. குழாயைக் கழற்றிய பின்னும் துணியில் ஆக்சிஜன் சற்று நேரம் தங்கும். மூக்கு வறண்டால் எண்ணெயோ வாசலினோ தடவாதீர். நீரில் கரையும் களிம்பை எழுதித் தருவோம்.

செறிவூட்டி மின்சாரத்தில் இயங்குவது. மின்தடைக்கு ஒரு சிறு சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். அதைத் திறக்க வீட்டில் இருவராவது பழகியிருக்க வேண்டும்.