கண் தோலாகாமல் காப்பது எது?

சேம்பிலையில் தண்ணீர் விட்டால் ஒட்டாது. முத்து முத்தாய் உருண்டோடும். கண்ணின் மேற்பரப்புச் செல்களும் இயல்பில் அப்படித்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் அவற்றின்மேல் சீராகப் படிகிறதே, எப்படி? கண்ணின் வெள்ளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் கோப்பை வடிவச் செல்கள் இருக்கின்றன. அவை சுரக்கும் மியூசின் என்ற வழவழப்பான பொருள் கண்ணீரைப் பிடித்துவைக்கிறது.

இந்தச் செல்களை நிலைக்க வைப்பது வைட்டமின் ஏ. செல்லுக்குள் அது ரெட்டினாயிக் அமிலமாக மாறி, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதனால் கண்ணீர் வழியாகவும் அதற்கு இந்த வைட்டமின் வந்து சேர்கிறது.

வரத்து குறைந்தால் கோப்பைச் செல்கள் அருகிவிடும். மற்ற செல்கள் கெரட்டின் செய்யத் தொடங்கும். நகத்திலும் தோலிலும் உள்ள அதே புரதம். கண், தோலாக மாறப் பார்க்கிறது! வைட்டமின் ஏ இல்லாத தீனியில் வளர்ந்த எலிகளில் இந்த மாற்றத்தை 1925இல் வோல்பாக், ஹவ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தார்கள்.

குழந்தைகளிடம் முதலில் தெரிவது மாலைக்கண். அடுத்து, கருவிழியின் ஓரத்தில், பெரும்பாலும் காதுப் பக்கமாக, சோப்பு நுரை காய்ந்ததுபோல் ஒரு வெண்சாம்பல் திட்டு வரும். துடைத்தால் போய்விடும், மறுபடி படியும். 1863இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் பிட்டாட் புள்ளி என்கிறார்கள். அதற்கும் அசட்டையாக இருந்தால் கருவிழி வறண்டு, குழைந்து, பார்வையே போகலாம். தட்டம்மை வந்த குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பால் வளம் கொழித்த டென்மார்க்கிலேயே இது நடந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் வெண்ணெய் ஏற்றுமதியாயிற்று. ஏழைக் குழந்தைகளுக்கு ஆடை எடுத்த பாலும் மார்கரினும்தான் மிஞ்சின. கண் வறண்டுபோன பிள்ளைகளைக் கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் முழுப் பாலும் மீன் ஈரல் எண்ணெயும் கொடுத்துத் தேற்றினார்.

முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, ஈரல் எல்லாம் நமக்கு எட்டுகிற பொருள்களே. கீரையிலுள்ள கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு தேவை. தாளிக்கும் எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். 9ஆம் மாதத்தில் தொடங்கி 5 வயதுவரை அரசு தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைத் தவறாமல் போடுங்கள். அளவு மிஞ்சினால் நஞ்சு என்பதால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறினால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.