காற்றில் வரும் பேச்சு

காஞ்சிமாநகரை அடுத்துக் கூரம் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. ஊர் சிறிதாயினும் அதன் புகழ் பெரிது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டை ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் இங்குச் சிவபெருமானுக்குக் கற்றளி ஒன்று எழுந்தது. அதற்கு விடப்பட்ட நிலக்கொடையைக் கூறும் பட்டயம் 'கூரம் செப்பேடு' என்று வரலாற்றாசிரியரால் போற்றப்படுகின்றது. வழிபாடு செய்வோர்க்குப் பங்கு வகுத்த அச்செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பார்க்கும் ஒரு பங்கு வகுத்தது. படிப்பவர் ஒருவர், கேட்பவரோ ஊரார். ஏட்டைக் கையால் தொடாதவரும் செவிவழியே கதை அறிந்தனர். கேட்பதற்கென்றே நிலம் விட்ட ஊர் இது.

இவ்வூரிற் பிறந்தவர் இராமாநுசரின் தலைமாணாக்கராகிய கூரத்தாழ்வார். பெருஞ்செல்வராய் வாழ்ந்த அவருடைய மாளிகைக் கதவு இரவில் அடைக்கப்படும் ஓசை, காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயில் வரையிலும் கேட்டதாக வைணவர்கள் கூறுவர். ஓசை அத்துணைத் தொலைவு சென்றதோ இல்லையோ, இன்று அதே கூரத்தில் ஒரு சிறு பெட்டியும் சில முழம் கம்பியும் உடையவன், கடல் கடந்த நாட்டில் இருவர் உரையாடுவதைத் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தே கேட்கலாம். காலமும் அலையும் கூடிவர வேண்டும்; அவ்வளவே.

ஈண்டுக் குறிப்பது வானொலி நிலையத்தாரின் பாட்டையும் செய்தியையும் அன்று. நிலையத்தார் பேசுவது பலரும் கேட்பதற்காக. இங்குப் பேசப்படுவது வேறு வகை. எளிய மக்கள் இருவர் தம்முள் கம்பியில்லாக் கருவி கொண்டு பேசிக்கொள்வர். மழை உண்டா, வழி எப்படி, பிள்ளை நலமா என்பன போன்ற பேச்சே பெரும்பாலும் நிகழும். அதனை அலைக்கருவி வழியே கேட்டு, குறித்து, ஆராய்ந்து மகிழ்வது உலகெங்கும் பலர்க்குப் பொழுதுபோக்காக இருக்கின்றது.

இத்தகைய பேச்சுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளுள் ஒன்று குடிமக்கள் அலைவரிசை. 'சிட்டிசன்ஸ் பேண்டு' என்று பலரும் வழங்குவது இதுவே. 27 மெகாஹெர்ட்ஸ் அளவில் அமைந்த இதன் அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அமெரிக்க நாட்டில் 1958ஆம் ஆண்டு இது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் பெரிய ஆரவாரம் இன்றிக் கழிந்தன. 1973ஆம் ஆண்டில் பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, எங்கே எண்ணெய் கிடைக்கும், எந்தச் சாலையில் காவலர் நிற்கின்றனர் என்று சரக்கு வண்டி ஓட்டுநர்கள் ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொள்ளத் தொடங்கினர். அவ்வளவில் அது நாடெங்கும் பரவியது. இடம் போதாமையால் 1977ஆம் ஆண்டு தடங்களின் எண்ணிக்கை 23இலிருந்து 40 ஆக உயர்த்தப்பட்டது. ஓட்டுநர் எவரும் தம் பெயர் சொல்வதில்லை; தாமே சூடிய புனைபெயரால் அழைத்துக்கொள்வர். 'விளங்கிற்று' என்பதற்குப் 'பத்து நான்கு' என்பது குறிப்புமொழி. ஒன்பதாம் தடம் மட்டும் ஆபத்துக்காலச் செய்திக்கென விடப்பட்டது.

நம் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றி அலைக்கருவி வைத்திருத்தலையே குற்றமாக்கியது. வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கும் அஞ்சலகத்திற்குச் சென்று ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது; அக்கட்டணம் 1980களில்தான் ஒழிந்தது. 5 வாட் ஆற்றலுக்கு மேற்படாத கருவியைக் குடிமக்கள் அலைவரிசையில் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005ஆம் ஆண்டு விதி வகுத்தது. ஆயினும் இதற்கு முன்பே இந்தியாவில் அலைவழிப் பேசுவோர் உளர். அவர்கள் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறி தாங்கியவர்கள். 'அமெச்சூர்' என்றும் 'ஹாம்' என்றும் அவர்களைக் கூறுவர். பன்னிரண்டு அகவை நிரம்பிய சிறுவரும் அத்தேர்வை எழுதலாம். சென்னையில் 1924ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் தோன்றிய மாகாண வானொலிக் கழகமும் ஆர்வலர் கூட்டமே. பொருள் முடையால் அது மூன்றாண்டுகளில் நின்றுவிட்டது எனினும், தமிழகத்து ஒலிபரப்புக்கு வித்து அதுவேயாம்.

இனி, 5 வாட் ஆற்றல் என்பது ஒரு சிறு விளக்கின் ஆற்றல். அதனைக் கொண்டு பேசுபவன் குரல் சில கல் தொலைவுக்கு மேல் செல்லாது என்றே எவரும் எண்ணுவர். நாள்தோறும் நிகழ்வதும் அதுதான். பின் கடல் கடந்து கேட்பது எங்ஙனம்?

நிலத்திற்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரையில், ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களால் தாக்குண்டு காற்றின் அணுக்கள் மின்னேற்றம் பெற்று நிற்கின்றன. இப்பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். கல்கத்தாவில் இருந்து இதனை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் சிசிர் குமார் மித்ரா. மேலே செல்லும் சிற்றலைகளை இம்மண்டலம் வளைத்துக் கீழே திருப்பிவிடும். 27 மெகாஹெர்ட்ஸ் அலை மற்றைச் சிற்றலைகளினும் விரைந்து அதிர்வது. ஆதலின் அது பெரும்பாலும் இம்மண்டலத்தை ஊடுருவி விண்வெளிக்குச் சென்று மறையும். ஆனால் ஞாயிற்றின் முகத்தில் கரும்புள்ளிகள் மிகும் காலத்தில் மண்டலம் செறிவு பெறுகின்றது. அப்பொழுது அந்த அலையும் திரும்பி வந்து நெடுந்தொலைவில் நிலம் தொடும். கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குவன. 2024ஆம் ஆண்டில் ஞாயிறு அத்தகைய பெருக்கத்தில் இருந்தது.

இதில் வியத்தற்குரியது ஒன்றுண்டு. மேலே சென்று வளைந்த அலை நெடுந்தொலைவில்தான் வந்து இறங்கும். இடையில் உள்ள நிலத்தை அது தொடுவதே இல்லை. நிலத்தை ஒட்டிச் செல்லும் அலையோ சில கல்லில் ஓய்ந்துவிடும். ஆகவே இவ்விரண்டிற்கும் நடுவே ஒலியற்ற வளையம் ஒன்று உண்டாகின்றது. கூரத்தில் அமர்ந்து கேட்பவனுக்குச் சென்னைக் குரல் கேளாது. ஆயிரங் காவதத்திற்கு அப்பாலுள்ள குரல் காதருகே கேட்கும். அண்மையில் உள்ளவர்க்குச் செவிடாகித் தொலைவில் உள்ளவர்க்கு உறவாகும் இயல்பு இவ்வலைக்கு உண்டு. இதனை நினைவில் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

கேட்போனுக்கு வேண்டிய கருவிகள் மிகுதியல்ல. சிற்றலை ஏற்கும் பெட்டி ஒன்று, கூரைக்கு மேல் கட்டிய செம்புக்கம்பி ஏறக்குறைய 5 மீட்டர், ஒரு குறிப்பேடு, ஒரு கடிகாரம். காலத்தை இந்திய நேரத்தில் எழுதாமல் உலகப் பொது நேரத்தில் எழுதுவர்; நம் நேரத்தினின்று ஐந்தரை மணி கழித்தால் அது கிடைக்கும். கேட்ட நாள், நேரம், அலை எண், பேசியவரின் அழைப்புக்குறி, ஒலியின் வலிமை ஆகியவற்றை எழுதி அமெச்சூர் நண்பருக்கு அனுப்பினால், அவர் தம் முகவரியும் குறியும் அச்சிட்ட அட்டை ஒன்றை விடையாக அனுப்புவார். இவ்வட்டைகளைச் சுவரில் ஒட்டி மகிழ்வோர் பலர்.

கருவியினும் பொறுமையே இன்றியமையாதது. திருகியைத் திருப்பியவுடன் பேச்சு வாராது. முதலிற் கேட்பது இரைச்சல். சில நாள் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இராது. மின்மோட்டாரும், மலிவான மின்விளக்கும், மின்னேற்றும் பெட்டிகளும் தத்தம் இரைச்சலை அலைகளில் கலக்கும். காஞ்சித் தெருக்களில் இரவும் பகலும் ஒலிக்கும் கைத்தறியை இதற்குக் குறை கூறுவதற்கில்லை. அதன் ஓசை அண்டை வீட்டார் செவிக்கு எட்டுமே தவிர அலைப்பெட்டிக்கு எட்டாது. மின்மோட்டாரால் ஓடும் விசைத்தறி அங்ஙனமன்று. இரைச்சலின் நடுவே அறுந்தறுந்து வரும் சொற்களை, அறுந்த பாவிழையைத் தேடிப் பிணைக்கும் நெசவாளனைப் போலச் செவி தேடிப் பிணைக்க வேண்டும். பழகாதவன் இரைச்சல் என்று கூறும் இடத்தில் பழகியவன் ஒரு பெயரையும் ஒரு ஊரையும் கேட்பான்.

பிறர் பேச்சைக் கேட்பது தகுமோ என்று வினவுவார் உண்டு. வினா தக்கதே. சுவரோடு ஒட்டி நின்று பிறர் மறைபொருளை அறிய முயல்வதை ஒட்டுக்கேட்டல் என்கிறோம். அது இழிந்தது. இதுவோ நாற்சந்தியில் நின்று பேசுவார் பேச்சைக் கேட்பது போன்றது; குடிமக்கள் அலைவரிசையிலும் அமெச்சூர் அலைவரிசையிலும் பேசுகிறவர், யாரும் கேட்கலாம் என்பதை அறிந்தே பேசுகின்றார். காவல்துறை, படை முதலியோரின் செய்திகள் அத்தகையன அல்ல. பொதுமக்களுக்கென அமையாத செய்தியை உரிமையின்றி இடைமறிப்பதும், அதனை வெளியிடுவதும் கூடா எனப் பன்னாட்டு வானொலி விதிகள் தடுக்கின்றன. இன்று 'கேள்வி' என்றால் மாணவர் தேர்வுத்தாளை நினைப்பர். முன்னோர்க்கு அது கேட்டு அறியும் அறிவின் பெயர்; வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒற்றர் வேலைக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் அவர் ஒன்றாக்கவில்லை.

பொழுதுபோக்காகக் கேட்ட செவி உயிர் காத்த வரலாறும் உண்டு. 1928ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலி நாட்டு உம்பெர்த்தோ நோபிலே, 'இத்தாலியா' என்னும் வான்கப்பலில் வடதுருவம் சென்று திரும்பினார். மே 25ஆம் நாள் அக்கப்பல் பனிப்பரப்பில் மோதி உடைந்தது. தப்பியவர்கள் மிதக்கும் பனிப்பாறைமேல் கூடாரம் அடித்துத் தங்கினர். அவர்களிடம் சிறியதொரு சிற்றலைக் கருவி எஞ்சியிருந்தது. பியாஜி என்னும் அலைவல்லுநர் மோர்சுக் குறிகளால் நாள்தோறும் 'காப்பாற்றுக' என்று அறிவித்தவண்ணம் இருந்தார். அவர்களுக்குத் துணையாக வந்த தாய்க்கப்பல் சுபிட்சுபெர்கன் தீவில்தான் நின்றது. அக்கப்பலுக்குக் கூக்குரல் கேட்கவில்லை. அக்கப்பலின் அலைநிலையம் தன் செய்திகளை அனுப்புவதிலேயே பொழுதைக் கழித்தது என்பர். முன்னர்க் கூறிய ஒலியற்ற வளையமும் அதற்குத் துணைநின்றது.

ஒன்பது நாள் இவ்வாறு கழிந்தது. ஜூன் 3ஆம் நாள் வடரஷ்யாவில் வஸ்னெசேனியே வோக்மா என்னும் சிற்றூரில், நிக்கொலாய் ஷ்மித் என்னும் இளைஞர் தாமே செய்த பெட்டியில் அலைகளைத் துழாவிக்கொண்டிருந்தார். இத்தாலியா, நோபிலே என்னும் சொற்கள் அறுந்தறுந்து அவர் செவியில் விழுந்தன. பேசாமல் அடுத்த அலைக்குத் திருப்பியிருக்கலாம். அவர் மாஸ்கோவுக்குத் தந்தி அடித்தார். தப்பியவர் உயிரோடு இருக்கின்றனர் என்பதை உலகம் அறிந்தது அதனால்தான். பல நாட்டுக் கப்பல்களும் வானூர்திகளும் தேடப் புறப்பட்டன. அத்தேடலில் தென்துருவம் கண்ட அமுண்ட்சனே உயிரிழந்தார். நோபிலேயைச் சுவீடன் நாட்டு வானோட்டி ஒருவர் ஜூன் மாதத்தில் மீட்டார். பனிப்பாறையில் எஞ்சியிருந்தோரை ஜூலை 12ஆம் நாள் ரஷ்யப் பனியுடைப்புக் கப்பலாகிய 'கிராசின்' மீட்டது.

நம் நாட்டிலும் இத்தகையதொரு நாள் வந்தது. அந்தமான் தீவுகளில் நெடுங்காலமாக அமெச்சூர் நிலையம் நடத்த இசைவு இல்லாதிருந்தது. பெருமுயற்சி செய்து அவ்விசைவைப் பெற்றவர் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு குழுவுடன் போர்ட் பிளேயர் சென்று, விடுதி ஒன்றில் நிலையம் அமைத்து, உலகெங்கும் உள்ள அமெச்சூர்களோடு உரையாடத் தொடங்கினார். அரிய தீவிலிருந்து வரும் குரலைக் கேட்க உலகம் ஆவலுற்றிருந்தது. அது வரையில் எல்லாம் விளையாட்டே.

டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது. தீவுகளில் தொலைபேசி அற்றது. தமிழகத்திலும் நாகை முதலிய கடற்கரை ஊர்கள் பேரிழப்புற்றன. அந்தமானில் வாழும் தமிழர் பலருடைய உறவினர் இக்கரையில் தவித்தனர். பாரதி பிரசாத் தம் கருவியை மீண்டும் இயக்கி உலகிற்குச் செய்தி சொன்னார். அவரைக் கேட்பதற்கு, அரிய நிலையத்தைத் தேடி முன்பே அலையில் காத்திருந்த செவிகள் இருந்தன. பின்னர்க் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்தோர் பெயரையும், அவர் நலமாக உள்ளார் என்னும் ஒரு வரியையும் அமெச்சூர்கள் எழுதிக்கொண்டு, கரையில் உள்ள வீடுகளுக்கு அறிவித்தனர். நலம் என்னும் அவ்வொரு சொல்லுக்காக எத்தனை தாய்மார் அடுப்பு மூட்டாது இருந்தனரோ!

அதன்பின் அந்தமானில் பழைய தடை நீடிக்கவில்லை. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் பல நாட்டு அமெச்சூர்கள் போர்ட் பிளேயரில் கூடி, இரவும் பகலும் அலையில் உரையாடினர்.