தறிக்காரர் கண்ணும் லேசர் சிகிச்சையும்

சென்ற மாதம் நூல் பட்டுவாடா நாளன்று அருப்புக்கோட்டை அங்கத்தினர் ஒருவர் தம் குமாரனையும் அழைத்துக்கொண்டு நம் சங்கத்துக்கு வந்திருந்தார். பையனுக்கு வயது 19, ஐ.டி.ஐ. தேறியவன், மூக்குக் கண்ணாடி அணிந்தவன். ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு மனுச் செய்ய வேண்டுமென்பது அவன் ஆவல். கண்ணாடி போட்டவர்களை அந்த வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, லேசர் சிகிச்சை செய்துகொண்டே தீரவேண்டுமென்று வீட்டில் பிடிவாதம் பிடித்திருக்கிறான். "ஐயா, சங்கத்திலே ஏதாவது கடனுக்கு வழியுண்டா? இல்லையென்றால் இவன் தாயாரின் சங்கிலியை அடகு வைக்கவேண்டியதுதான்" என்றார் தகப்பனார்.

"அண்ணாச்சி, கடனைப் பற்றிப் பிறகு பேசலாம்; முதலில் கண்ணைப் பற்றிப் பேசுவோம்" என்று இருவரையும் உட்காரச் சொன்னோம். இவ்விஷயம் திருச்சுழி வட்டாரத்து விவசாய அங்கத்தினர் வீடுகளிலும் இப்போது அடிபடுவதால், அன்று பேசியதையும் பின்னர் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

கிட்டப்பார்வை என்ற பெயரே பலரை மயக்குகிறது. கிட்டத்தில் இருப்பது தெரியாத குறை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். எட்டத்தில் இருப்பதுதான் மங்கும். விழி இருக்கவேண்டிய அளவைவிடச் சிறிது நீண்டுவிடுவதால், உள்ளே வரும் ஒளி பின்புறத்து விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. மைனஸ் கண்ணாடி அக்குவியத்தைப் பின்னே தள்ளிச் சரிசெய்கிறது. லேசர் சிகிச்சையும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. கண்ணாடிச் சில்லில் செய்யவேண்டிய மாற்றத்தை, கருவிழியின் மேல் தெளிந்த கண்ணாடிபோல் கவிந்திருக்கும் கார்னியா என்ற படலத்திலேயே செதுக்கிவிடுகிறார்கள்.

இப்படிச் செதுக்க இயலும் என்பதற்கு வழி திறந்தவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி ஸ்ரீநிவாசன் அவர்கள், அங்கே ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றி வந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டொன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து, எக்ஸைமர் என்ற புற ஊதா லேசரை அதன்மீது பாய்ச்சிப் பார்த்தார். வேறு லேசர் பட்ட இடம் கருகியது. இந்த லேசர் பட்ட இடமோ சுற்றுப்புறம் தீயாமல் கத்தரித்தாற்போல் சுத்தமாக வெட்டுப்பட்டது. 1983-ல் ஸ்டீபன் ட்ரோகெல் என்ற கண் வைத்தியரோடு சேர்ந்து இதைக் கார்னியாவுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். ஐ.பி.எம். சகாக்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் செதுக்குவதற்கு அங்கே இருப்பது எவ்வளவு? கார்னியாவின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனமுடையது. மைக்ரான் கணக்கில் சுமார் 540. ஒரு பவர் குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை எடுக்கவேண்டியிருக்கிறது. ஆறு பவர் உள்ளவருக்கு 80, 90 மைக்ரான் போய்விடும். மேலே மூடிபோல் ஓர் ஏட்டை வெட்டித் திறந்து செய்யும் லாசிக் முறையில் அந்த ஏட்டின் கனமும் கழிவுதான். எல்லாம் போக அடியில் 250, 300 மைக்ரானாவது எஞ்சாவிட்டால், நாளடைவில் கார்னியா வலுவிழந்து முன்னே பிதுங்கக்கூடும். ஆகவே பிறவியிலேயே கார்னியா மெலிந்தவர்களுக்கும், கூம்புக் கருவிழி என்னும் நோயின் சாயல் தெரிபவர்களுக்கும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் வைத்தியர்மேல் வருத்தப்படுவது தவறு. அளவு பார்க்காமலே தேதி கொடுப்பவரிடந்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

வயது 18 நிரம்பியிருத்தல் வேண்டும்; பவர் ஓராண்டாவது மாறாமல் நின்றிருத்தல் வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், வைத்தியர் சொல்லும் நாட்களுக்கு முன்னதாகவே அதைக் கழற்றிவிட்டுத்தான் சோதனைக்குப் போகவேண்டும். இல்லையேல் அளவு பிசகும்.

இதுவரை சொன்னது ஊரார் எல்லோருக்கும் பொது. தறிக்காரருக்கென்று தனியே ஒரு கணக்கு உண்டு. அதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை.

அன்று வந்த தகப்பனாரே அதற்குச் சாட்சி. அவருக்கு வயது 46. அவருக்கும் இரு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. பேசிக்கொண்டிருக்கையில் நூல் கட்டின் சீட்டிலிருந்த நம்பரைப் படிக்க, தம் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டார். தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும்போதும் அப்படித்தானாம். மைனஸ் இரண்டரை உள்ள கண்ணுக்கு, கண்ணாடியின்றி 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். குனிந்து இழை பிணைப்பதும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தானே! நாற்பதைக் கடந்தால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து இவருடைய தறிவேலையைத் தொடவில்லை. கண்குறையே இல்லாத இவர் சம்சாரமோ, வெள்ளெழுத்துக் கண்ணாடியில்லாமல் 80-ஆம் நம்பர் நூலில் கைவைக்க முடியாதென்கிறார்.

இருபது வயதில் லேசர் செய்துகொள்பவர் கண்ணாடியை விட்டொழித்தது மெய். ஆனால் நாற்பதைத் தாண்டியதும் அவருக்கும் வெள்ளெழுத்து வரும். அப்போது கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி இழை பார்க்கும் சௌகரியம் அவருக்கு இராது; கிட்டப்பார்வைக்காகப் போட்டதை விட்டு வெள்ளெழுத்துக்காக வேறொன்று போடவேண்டும். வாழ்நாளெல்லாம் அச்சிலும் விழுதிலும் கண்ணை ஊன்றப்போகிறவர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஏழு, எட்டு பவர் உள்ளவர் கதை வேறு. அவருக்குக் கண்ணாடியின்றித் தறியும் தெரியாது, தெருவும் தெரியாது.

காட்டு வேலை செய்வோருக்கு இன்னொரு விஷயம். லேசர் செய்த கண்ணில் கார்னியாவின் நுண்ணிய நரம்புகள் வெட்டுப்படுவதால், சில மாதங்கள் கண் வறண்டு உறுத்துகிறது. சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கிறது. நம் கரிசல் காட்டில் ஆடி மாதத்துக் காற்றுக்கு முகங்கொடுத்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பஞ்சுத் தூசி பறக்கும் கொட்டகைக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்கள் அதை முதலில் வைத்தியரிடம் சொல்லவேண்டும். சீமைக்கருவேல் வெட்டுகிறவர்கள், மாட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள், கபடி ஆடுகிறவர்கள் தங்கள் தொழிலையும் விளையாட்டையும் மறைக்காமல் கூறவேண்டும். கண்ணில் பலமாக அடிபட்டால் லாசிக் ஏடு பல ஆண்டுகளுக்குப் பின்னும் நகரக்கூடும். ஏடு வெட்டாமல் மேற்பரப்பிலேயே செதுக்கும் பி.ஆர்.கே. என்ற முறையில் அந்தப் பயமில்லை. ஆனால் முதல் சில நாட்கள் வலி அதிகம், பார்வை தெளியவும் தாமதம்.

செலவைப் பொறுத்தமட்டில், ஏழரைப் பவருக்குக் குறைந்த குறைக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தருவதில்லை. ஆகவே கைப்பணமோ கடனோதான்.

இனிப் பையனின் வேலைக்கு வருவோம். உதவி லோகோ பைலட் வேலைக்காக 2024-ல் வந்த ரயில்வே அறிவிப்பைக் கணினியில் எடுத்து அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னோம். கண்ணாடியின்றி முழுப் பார்வை வேண்டுமென்று அதில் இருக்கிறது. லாசிக் முதலிய சிகிச்சையால் பார்வையைத் திருத்திக்கொண்டவர்கள் அந்த வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்றும் தெளிவாக இருக்கிறது. பையன் இரண்டு முறை படித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கும் சங்கடமாகவே இருந்தது. இராணுவம் முதலிய சில வேலைகளுக்கு, வயது, கழிந்த காலம், கார்னியாவின் கனம் முதலிய நிபந்தனைகளுடன் இச்சிகிச்சையை ஏற்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் விதி வேறு. அறிவிப்பைப் படித்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றவேண்டுமேயன்றி, கழற்றிவிட்டுப் படிக்கலாகாது.

மறுவாரம் இருவரும் மதுரைக்குச் சென்று அரவிந்த் கண் மருத்துவமனையில் காட்டி வந்தார்கள். நம்மைப்போலவே கரிசல் மண்ணில், வடமலாபுரம் கிராமத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. பையனுக்குச் சென்ற ஆண்டு மைனஸ் 2 இருந்தது, இப்போது 2.75. பவர் இன்னும் நிலைக்கவில்லை. ஓராண்டு கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். விழித்திரையையும் மருந்து விட்டுப் பார்த்தார்களாம். இது அவசியமான சோதனை. லேசர் செய்தாலும் நீண்ட விழி நீண்டபடியே இருப்பதால், அதிகப் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் அபாயம் நீங்குவதில்லை.

சிகிச்சை செய்துகொண்ட அங்கத்தினர்கள், முன்பிருந்த பவரும் கார்னியா அளவுகளும் எழுதிய தாள்களைச் சங்கப் பாஸ் புத்தகத்தோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறோம். அறுபதில் கண்புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்கும் நாளில், செதுக்கிய கார்னியாவில் அளவெடுப்பது கடினம். பழைய தாள் இருந்தால் கணக்குச் சரியாக வரும்.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பையன் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்குத் தடையில்லாத ரயில்வே டெக்னீஷியன் வேலைகள் எவையென்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.